நடைகிணற்றில் கால் நனைத்தவர்கள்

நரம்புச் சிலந்தி என்று சொன்னால் இன்று நம் வயதுக்காரர்களிலேயே பாதிப் பேர் எட்டுக்கால் பூச்சியைத்தான் நினைப்பார்கள். உப்பளத்தை ஒட்டி வளர்ந்த சிலருக்காவது கணுக்காலில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருக்கும். எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் மகன் வீட்டில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் இருக்கிறேன். சேலையில் நூல் பிரிந்து காலில் பட்டால் இன்றைக்கும் உதறிவிட்டுத்தான் மறுவேலை.

எங்கள் ஊர் உப்பளத்துக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவே இருந்தது. ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்க ஒரே ஒரு கிணறுதான். தேரி தொடங்குகிற இடத்தில், பனைகளுக்கு நடுவே, பூமிக்குள் படிப்படியாக இறங்கும் நடைகிணறு. சுற்றுச்சுவரோ உருளையோ கிடையாது. கல்படிகளில் இறங்கிப் போய்க் கணுக்கால் தண்ணீரில் நின்று குடத்தை அமுக்கி மொள்ள வேண்டும். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக நாமும் கூடவே இறங்குவோம். மேலே வெயில் கண்ணைக் குத்தும். பத்துப் படி இறங்கினால் உடம்பு குளிரும். இன்னும் பத்துப் படி இறங்கினால் நாம் விடுகிற மூச்சு பின்னால் நிற்கிற யாரோ விடுவது போலக் கேட்கும். உச்சிப்பொழுதில் அங்கே தனியாகப் போகக் கூடாது என்பார்கள். எதற்கு என்று கேட்டால் அடி விழும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி ஆற்றங்கரைக்காரி. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் நின்றால் வயலும் அதற்கு அப்பால் ஆறும் தெரிகிற ஊர். எங்கள் ஊரின் வெள்ளை வெளிச்சம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டேதான் நடப்பாள். வந்த இரண்டாம் நாள், பழைய மல் வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டினாள்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏளா, எங்க தண்ணிக்கு என்ன குறை?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குறை இல்லக்கா. ஆத்துல புதுவெள்ளம் வாரப்ப எங்கம்மா இப்பிடித்தான் வடிகட்டுவா. எனக்கும் பழகிட்டு."

"நாங்கல்லாம் அழுக்கா குடிக்கோம், அப்படித்தான?"

சித்தி தனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் சின்னப் பானையில் வடிகட்டி வைத்துக்கொண்டாள். என்னிடம் அவளுக்குப் பிரியம் அதிகம். ஒரு நாள் கண்ணாடித் தம்ளரில் வடிகட்டாத தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, "பாரு, அசையாமப் பாரு" என்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். நின்றன, துள்ளின, நின்றன, துள்ளின.

"உசுரு," என்றாள் சித்தி. "இதத்தான் நீங்க குடிக்கிய."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் தண்ணீருக்குப் போனபோது கூட வந்த பிள்ளைகளிடம், எங்கள் சித்தி தண்ணீரில் உயிர் காட்டுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். எனக்கு இருந்தது பெருமை மட்டும்தான். கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது வேறு.

பங்குனி பிறந்ததும் சித்தப்பாவின் கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்தது. தீக்கங்கு வைத்த மாதிரி எரிகிறது என்று புரண்டார். மூன்றாம் நாள் அது உடைந்தது. நடுவே வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. சேமியாவின் கனம்தான் இருக்கும். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "நரம்பு வெளிய வந்துட்டே" என்று அலறினாள். நரம்பு இல்லை. அது நெளிந்தது.

பத்து நாளில் அம்மாவின் கெண்டைக்காலில் ஒன்று. பிறகு பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர். சிலருக்கு இரண்டு, மூன்று. வடக்கே கண்மாய் வெட்டப் போய்வந்த ஒருவர்தான் அதன் பெயரைச் சொன்னார்: நரம்புச் சிலந்தி. வெளியே வந்த முனையை ஈர்க்குச்சியில் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு சுற்றாகச் சுற்றி எடுக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளேயே சுருண்டு காலைப் பானையாக வீங்கவைக்கும்.

அந்தக் கோடையின் காலைகளை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? விடிந்ததும் வாசலுக்கு வாசல் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, தங்கள் காலிலிருந்து தாங்களே நூல் இழுத்துக் குச்சியில் சுற்றுவார்கள். தெரு முழுக்க ஒரு பேச்சுச் சத்தம் இருக்காது. உடம்புக்குள் ஒரு சிலந்தி உட்கார்ந்து நூற்கிறது என்றுதான் நாங்கள் பிள்ளைகள் நம்பினோம். நூல் முடிகிற இடத்தில் அதுவும் வெளியே வரும் என்று பயந்துகொண்டே பார்த்திருப்போம். பிறகு குச்சியைக் காலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் இறங்க யாரால் முடியும்? பாத்திகளில் உப்பு விளைந்து, வார ஆளில்லாமல் கிடந்தது. நடுப்பகலில் அந்தப் பக்கம் பார்த்தால் ஆளே இல்லாத வெள்ளை வெளி நடுங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் நடமாடியவர்கள் அப்பா, சித்தி, நான். நானும் அப்பாவும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சித்தி வந்து மூன்று மாதம். ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. இவள் வந்தாள், இது வந்தது. இவள் மட்டும் துணியில் வடித்துக் குடிக்கிறாள். அப்படியென்றால் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது இவளுக்கு முதலிலேயே தெரியும். தண்ணீரில் உயிர் காட்டுகிறவளாம், அந்த வீட்டுப் பிள்ளையே சொல்லியிருக்கிறது.

குறி சொல்லுகிறவரை அழைத்துவந்தார்கள். காலை வெயிலில் வேப்பமரத்தடியில் உடுக்கை அடித்தார். குச்சி கட்டிய கால்களை நீட்டிக்கொண்டு ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆடி முடித்து, கண்ணைத் திறக்காமலே, "வெளியூரு போய் வந்த ஒண்ணு தண்ணியில எறங்கிருக்கு. அதுதான் நூல் விடுது" என்றார். எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். அப்பா பார்க்கவில்லை. அவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நினைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

முந்தின கோடையில் நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். அப்பாவும் கண்மாய் வெட்டப் போனவர்தான். அது அதற்கும் ஒரு வருஷம் முன்னால். அங்கே ஊருணியில் அள்ளிக் குடித்துக்கொண்டு மூன்று மாதம் வேலை பார்த்துத் திரும்பினார். அடுத்த கோடையில் அவருடைய பாதம் வீங்கிப் புண்ணானது. கருவேலமுள் என்றார், துணி சுற்றிக்கொண்டார். ஒரு நாள் தண்ணீருக்குப் போன இடத்தில், கீழ்ப்படியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்துக் காலைத் தண்ணீருக்குள் விட்டார். "யம்மாடி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் அவ்வளவு சுகத்தை நான் பார்த்ததே இல்லை. புண்ணிலிருந்து பால் மாதிரி ஏதோ புகைந்துகொண்டு வந்தது. பச்சைத் தண்ணீரில் மெதுவாகப் பரந்து, பக்கத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்ற என் காலைத் தொட்டு, கரைந்துபோனது. எனக்கு அது அழகாக இருந்தது.

"அம்மாட்ட சொல்லாத. புண்ணுக் காலத் தண்ணியில வச்சேன்னு வைவா," என்றார் அப்பா. நான் சொல்லவில்லை.

சித்திரையில் என் பாதத்தின் மேலும் கொப்புளம் வந்தது. ஈர்க்குச்சிக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் பாவாடையை இழுத்து இழுத்து மறைத்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். மண்ணில் தேய்த்தேன், சுவரில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் அந்த முகம் நினைவுக்கு வந்தது. எல்லோரும் கண் அயர்ந்திருந்த உச்சிப்பொழுதில் ஓடினேன்.

கிணற்றடியில் ஒரு குருவி இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். எரிச்சல் அப்படியே நின்றது. கொப்புளம் உடைந்தது. அதே பால் புகைந்து வந்தது. தண்ணீர் என்னை உள்ளே கூப்பிடுவது போல இருந்தது. இன்னொரு படி இறங்கலாம் என்று காலை எடுத்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைப் பிடித்தன.

நான் வீரிட்டேன். கிணறு அதை நாலு மடங்காகத் திருப்பிக் கத்தியது.

"ஏளா, குடிக்கிற தண்ணியிலயா புண்ணுக் கால வைப்ப? மேல வா!" என்று சித்தி என்னை இழுத்தாள். நான் பயத்தில் திமிறினேன். இரண்டு பேரும் ஈரப்படியில் சறுக்கி விழுந்தோம். அதற்குள் மேலே தலைகள் தெரிந்தன. வெளிச்சத்தில் நின்று அந்த இருட்டுக்குள் பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஊர் சந்தேகப்பட்ட ஒருத்தி, உச்சிப்பொழுதில், தண்ணீர் ஓரத்தில் ஒரு பிள்ளையைப் பிடித்து இழுக்கிறாள்.

என்னைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அம்மா குச்சி கட்டிய காலை இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னளா செஞ்சா உன்னைய?"

நான் பாதத்தைப் பாவாடைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"சித்தி புடிச்சு இழுத்தா," என்றேன்.

பொய் இல்லையே? அவ்வளவுதான் சொன்னேன். "அக்கா, அவ காலப் பாருங்க. காலத் தூக்கிப் பாருங்க" என்று சித்தி கத்தினாள். யாரும் என் காலைப் பார்க்கவில்லை. யாரோ அவள் முடியைப் பிடித்துவிட்டார்கள். அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள்.

வீட்டில் சித்தப்பா படுத்த இடத்திலிருந்து எழ முடியாமல் எல்லாவற்றையும் கேட்டார். சித்தி தகரப்பெட்டியை எடுக்க உள்ளே வந்தபோது, தன் கால் குச்சியைப் பிடித்து ஒரே வெட்டாக இழுத்தார். அறுந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் அப்பாதான் சித்தியை ஏற்றிவிட்டு வந்தார். ஏறும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்று நாள் கழித்து என் காலில் சிலந்தியைக் கண்டபோது, கிணற்றுக்குள் அவள் தொட்டதால் வந்தது என்றார்கள்.

பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு ஜீப்பில் சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டி, எங்கள் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து, அதன் மேல் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் சட்டென்று பின்வாங்கினார்கள்.

"இந்தப் பூச்சிக்குள்ளதான் சிலந்தியோட குஞ்சு இருக்கு," என்றார். "தண்ணியோட வயித்துக்குள்ள போகுது. உள்ளேயே வளருது. வெளிய வர ஒரு வருஷம் ஆகும். இப்ப உங்க கால்ல வாறது போன கோடையில நீங்க குடிச்ச தண்ணி. காலத் தண்ணியில வச்சதும் குஞ்சப் பூராவும் பாலாக் கக்கிரும். கொதிக்க வச்சுக் குடிங்க, இல்லன்னா நல்ல துணிய மடிச்சு வடிகட்டுங்க. அது போதும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு வருஷம் என்ற சொல் எல்லோருக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தி தையில்தான் வந்தாள்.

"போன கோடையில வெளியூர்லருந்து யாராவது இப்படிப் புண்ணோட வந்தாங்களா?" என்று அவர் கேட்டார்.

சித்தப்பா வீங்கிய காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கிடந்தார். அப்பா எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நாந்தான் சார்," என்றார். "வடக்க வேலைக்குப் போன எடத்துல வந்திருக்கும். முள்ளுன்னு நெனச்சேன். கெணத்துலதான் கால வச்சேன். ஒரு நாளு இல்ல, எரியிறப்பல்லாம் வச்சேன்."

ஒரு கல்லாவது விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் விழவில்லை. ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வேப்பமரத்தடியில் அப்பா எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை.

மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வழியாக சித்தியின் ஊருக்குப் போனார். என் காலில் இன்னும் குச்சி இருந்தது. சித்தி எங்களை உள்ளே கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "தாயி, தப்பு எம்மேல. வந்துரு. அவன் கால் வீங்கிக் கெடக்கான்."

"அத்தான், நீங்க சொல்லிட்டிய. உங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று மட்டும் சொன்னாள். அப்பா முகம் கழுவுகிற சாக்கில் ஆற்றுப் பக்கம் போய்விட்டார். சித்தி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கால் கட்டை அவிழ்த்து, குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். எனக்கு வலிக்கவே இல்லை.

"அன்னைக்கு நீ என்ன சொன்ன?"

"இழுத்தீங்கன்னு சொன்னேன்."

"இழுத்தது நெசந்தான. எதுக்கு இழுத்தேன்னு யாரும் கேக்கலையா?"

"கேக்கல."

"நீயாச் சொல்லிருக்கலாமுல்லா?"

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. துணியின் முடிச்சைச் சரிபார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

அவள் வரவில்லை. சித்தப்பாதான் போனார். ஆறு மாதம் கழித்து, கால் வீக்கம் வற்றி, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற ஆளாக, துணிப்பையோடு பஸ் ஏறினார். மாமனார் வீட்டு வயலில் வேலை செய்து அங்கேயே இருந்துவிட்டார். போய்ப் பார்த்து வரலாம் என்று அப்பா பலமுறை கூப்பிட்டும் அம்மா அசையவில்லை. "சிலந்தி அவளால வரல, சரி. எம் புள்ளயக் கெணத்துக்குள்ள இழுத்தாளே, அதுக்கு என்ன சொல்லுதிய?" என்பாள். அப்போதெல்லாம் நான் அங்கேதான் இருப்பேன். அரிசி புடைத்துக்கொண்டோ, பாடம் எழுதிக்கொண்டோ.

நடைகிணற்றின் படிகளை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, உருளை போட்டார்கள். தண்ணீரில் மருந்து விட்டார்கள். வீட்டுக்கு வீடு துணி கட்டினார்கள். அடுத்த கோடையில் நாலைந்து பேருக்கு வந்தது. அதற்கடுத்த கோடையில் ஒருவருக்கும் இல்லை. எங்கள் ஊரில் அது அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது. நாலு மடிப்புத் துணி.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அப்பா இறந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பையன் நோட்டும் படமுமாக வந்தான். படத்தில் குச்சி சுற்றிய கால். எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடுகிறார்களாம்.

"இத எங்கயாவது பாத்திருக்கியளா?"

"எங்க வீட்டுல யாருக்கும் வந்ததில்ல," என்றாள் அம்மா. கெண்டைக்காலைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

அந்தக் கை போன விதத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கழன்றது. "வந்துச்சு சார். எனக்கே வந்துச்சு," என்றேன். நிறுத்த முடியவில்லை. கொப்புளத்தை மறைத்தது, உச்சிப்பொழுதில் போனது, அப்பாவைப் போலவே நானும் காலை வைத்தது, சித்தி என்னை வெளியே இழுத்தது எல்லாம் சொன்னேன். பையன் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "இப்ப யாருக்கும் இல்லல்லா?" என்று கேட்டு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனான்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா."

"இத்தன வருஷமுமா?"

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது, தட்டு வந்தது. அவ்வளவுதான். மூன்றாம் நாள் விடியலில் குளித்துவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பொழுது சாய வந்து இறங்கினாள். சேலை நுனியில் வயல் சேறு காய்ந்திருந்தது. கால் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து அவளேதான் சொன்னாள்.

"தண்ணி குடுத்தா. வாங்கிக் குடிச்சேன்."